நாலாம் தொட்டி

காலை ஐந்தரை. பட்டிப்பொலவில் ஏழு டிகிரி.
தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்
போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாய்க் கிடக்கிறது.
அடுப்போரம் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
இந்துனிலிடம் முதல் நாளே சொன்னேன்:
போத்தலில் உறைவது
மீனுக்குள் மட்டும் ஓடுமா?
சிரித்தார். சிரித்துக்கொண்டே
இரண்டாம் தொட்டிக்குத் தேங்காயெண்ணெய் என்று எழுதினார்.
போட்டுத்தானே பார்க்க வேண்டும், சரி.

முதலாம் தொட்டிக்கு மீனெண்ணெய்.
எங்கோ ஒரு பெருங்கடலின் நெத்தலியைப் பிழிந்து
கப்பலேற்றி அனுப்புகிறார்கள்.
அதன் விலையைச் சொன்னால்
முதலாளிக்குக் காது கேட்காமல் போய்விடும்.
ஒரு கிலோ ட்ரவுட் வளர
எத்தனை கிலோ நெத்தலி சாகிறது என்று
தீனிச் சாக்கின் பின்பக்கம் கணக்குப் போட்டேன் ஒருநாள்.
விடை வந்ததும்
சாக்கைத் திருப்பி அடுக்கினேன்.

மூன்றாவதுக்கு ஆளிவிதை எண்ணெய்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
நல்ல பிள்ளை.

நாலாம் தொட்டி என்னுடையது.

கைவிட்ட எட்டாம் நம்பர் மலையில்
கவ்வாத்துக் கத்தியைக் காணாத தேயிலை
செடியாக இருந்ததை மறந்து மரமாகிவிட்டது.
பூக்கிறது. காய்க்கிறது.
கொழுந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு
தராசு கேட்காத விதையைக் கீழே கொட்டுகிறது.
சந்திரபோசும் நானும் ஆறு மூட்டை பொறுக்கினோம்.
வெலிமடையில் எள் ஆட்டுகிற மெஷின்காரன்
"இதில் என்ன வரும்?" என்றான்.
மஞ்சளாய் வந்தது.
ஒரு இரவு வெளியே வைத்தோம்.
காலையில் போத்தலைச் சாய்த்தால் சாய்ந்தது.

பதினொரு வாரம்.
முதலாம் தொட்டி மீன் இருநூற்றுப் பதினெட்டு கிராம்.
என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாவதில் எச்சமெல்லாம் கொழுப்பு மிதந்தது,
தின்றதைத் தின்றபடியே திருப்பித் தந்தன பாவம்.
அந்த ஆறு கிராமை நினைத்து நினைத்து
லயத்துக்கு ஏறும் படிகளை
எண்ணாமல் ஏறினேன் அந்த வாரம்.

பிறகு மழை.
இரவு முழுக்க, தகரத்தை உரித்துக்கொண்டு.
விடியும்போது வாய்க்காலில் நுரை,
யாரோ மேலே துணி துவைத்துச்
சவர்க்காரத் தண்ணீரை விட்டதுபோல.
வாய்க்கால் முதலில் நுழைவது நாலுக்குள்.
வெள்ளை வயிறுகள்.
அறுபத்து மூன்று.
மதகை அடைத்த சந்திரபோஸ்
என்னைப் பார்க்கவே இல்லை.

முதலாளி வந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.
"தேயிலை எண்ணெய் கொன்றுவிட்டது, பார்த்தாயா."
பார்த்தேன்.
பிழிந்த சக்கையை
லீக்ஸ் பாத்திக்கு உரமாகும் என்று
வாய்க்கால் மேட்டில் குவித்தது நான்.
அந்த விதையின் நஞ்சு எண்ணெயில் இறங்குவதில்லை,
சக்கையிலேயே பதுங்கியிருந்து
தண்ணீர் கண்டால் செவுளைத் தேடிப் போகும்
என்று இந்துனிலின் புத்தகத்தில் இருக்கிறது.
நூற்று நாற்பதாம் பக்கம்.
நான் தொண்ணூறோடு நிறுத்தியிருந்தேன்.

பதிவேட்டில் காரணம் என்றொரு கட்டம்.
வெறுமையாக விடலாம். மழை என்று எழுதலாம்,
மழை மறுக்காது.
எழுதினேன்:
எண்ணெய் அல்ல. சக்கை. கொட்டியது யோகவதனி.
இந்துனிலுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.
"வாசியுங்கள்" என்றார்.
எழுதுவது லேசாகத்தான் இருந்தது.

மிச்சம் இருபத்தொன்பது.
விற்பதற்கு முன் கடைசி எட்டு வாரம்
எல்லாத் தொட்டிக்கும் மீனெண்ணெய்தான்,
முதலிலேயே முடிவானது அது.
ஹோட்டல் தட்டில் வெட்டும்போது
சதைக்குள் கடல் இருக்க வேண்டுமாம்.
எட்டு வாரம் போதும் என்கிறார்கள்,
உடம்பு முன்பு தின்றதைப் பெரும்பாலும் மறந்துவிடும்.
எங்கள் உடம்புக்கு அந்தக் கணக்கை
யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அந்த எட்டு வாரம் தொடங்க இன்னும் ஒன்பது நாள்.
அதுவரை நாலுக்கு எதைக் கலப்பது என்று
ஒருவரும் சொல்லவில்லை.
நான் வந்து நின்றதும்
நிழலுக்குப் பழகிய இருபத்தொன்பதும்
மேலே வந்துவிட்டன.

அடுப்போரம் தேங்காயெண்ணெய்
இப்போதுதான் ஓரத்தில் கண்ணாடியாகிறது.
அலமாரியில் மஞ்சள் போத்தல்.
எடுத்துக் குலுக்கினேன்.
குலுங்கியது.